பொதுக்கிணற்றில் கலந்த நஞ்சு

கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் ஒரு மாத்திரை என்று அளந்தார்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். மனிதனுடைய அன்றாட வாழ்க்கைக்கு அதைவிடச் சிறிய கால அளவு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கணிப்பொறிக்கோ அது மிக நீண்ட காலம். இன்றைய சாதாரணக் கணிப்பொறி ஒன்று அரை நொடியில் நூறு கோடிக்கு மேற்பட்ட ஆணைகளை நிறைவேற்றிவிடும். ஆகவே 0.3 நொடியில் முடியவேண்டிய வேலை ஒன்று 0.8 நொடி எடுத்துக்கொண்டால், நூறு கோடி ஆணைகள் கணக்கில் வராமல் எங்கேயோ செலவாகியிருக்கின்றன என்று பொருள்.

2024 மார்ச் மாதத்தில் ஒரு பொறியாளர் இந்தக் கணக்கைக் கேட்டார். அவர் பெயர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரிபவர். பாதுகாப்புத் துறை வல்லுநர் அல்லர். தம் நிரலின் வேகத்தை நுட்பமாக அளப்பதற்காக, கணிப்பொறியில் நடக்கும் வேறு வேலைகளையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார். தராசில் நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துகிறோம் அல்லவா, அது போன்ற ஏற்பாடு. அப்போது, வெளியிலிருந்து வருவோரைச் சோதித்து உள்ளே அனுப்பும் நிரல் அளவுக்கு மீறி உழைப்பதை அவர் கண்டார். வந்தவர்களோ பொய்ப்பெயர் சொல்லி உடனே விரட்டப்பட்டவர்கள். கதவைத் திறக்காமலேயே அனுப்பிவிடும் ஆளுக்கு இவ்வளவு உழைப்பு ஏன்? அளந்து பார்த்தார். பழைய நிலையில் 0.299 நொடி; புதிய நிலையில் 0.807 நொடி.

இந்த அரை நொடியைத் துருவிக்கொண்டு போனவர் கண்டுபிடித்தது, உலகத்தின் எண்ணற்ற சர்வர் கணிப்பொறிகளுக்குள் யாருமறியாமல் நுழைவதற்காக ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக இருந்து அமைத்த ஒரு பின்வாசல். அது எப்படி அமைக்கப்பட்டது, கண்டுபிடித்தபின் என்னென்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். இரண்டாவது பகுதிதான் அதிகம் பேசப்படாதது. ஆனால் கற்றுக்கொள்ள அதில்தான் நிறைய இருக்கிறது.

கிணறு யாருடையது?

திறமூல மென்பொருள் என்பதை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நிரலை எழுதியவர் அதன் மூலவடிவத்தை மறைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், தம் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. வங்கிகள், மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றின் கணிப்பொறிகளில் பெரும்பகுதி லினக்ஸின்மேல்தான் நிற்கிறது.

லினக்ஸ் என்பது ஒற்றை நிரல் அன்று. ஆயிரக்கணக்கான சிறுசிறு தொகுப்புகளின் கூட்டம். டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்ற அமைப்புகள் இத்தொகுப்புகளைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, பயன்படுத்துவோருக்கு அளிக்கின்றன. இவற்றை வழங்கல்கள் என்பர். ஒவ்வொரு தொகுப்பையும் எங்கோ ஒருவரோ சிலரோ பராமரிக்கிறார்கள். பெரிய தொகுப்புகளுக்குச் சம்பளம் பெறும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சிறிய தொகுப்புகளின் நிலை ஊர்ப் பொதுக்கிணற்றின் நிலைதான். தண்ணீர் எடுப்பது ஊர் முழுவதும். தூர் வாருவது ஒரே ஓர் ஆள். அவருக்குக் கூலி கிடையாது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது.

எக்ஸ்.இஸட். யூட்டில்ஸ் அத்தகைய ஒரு கிணறு. கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் தொகுப்பு அது. ஃபின்லாந்து நாட்டைச் சேர்ந்த லாஸ்ஸெ கொல்லின் என்பவர் நெடுங்காலமாகத் தம் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரித்து வந்தார். (லினக்ஸும் ஃபின்லாந்தில்தான் 1991-ல் பிறந்தது. நம் கதையில் வாயிற்காவலனாக வரப்போகும் எஸ்.எஸ்.ஹெச். என்னும் முறையும் 1995-ல் அங்கேதான் பிறந்தது. சிறிய நாடு, பெரிய கொடை.)

கோப்பைச் சுருக்குவது எப்படி? ஒரு நீண்ட பத்திரத்தில் "மேற்படி சொத்துக்கு நான்கெல்லையாவது" என்ற தொடர் இருபது இடங்களில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை மட்டும் முழுவதும் எழுதிவிட்டு, அடுத்த இடங்களில் "இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடு" என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும். லெம்பெல், ஸிவ் என்னும் இரு அறிஞர்கள் 1977-ல் வெளியிட்ட இந்தக் கருத்தே இன்றைய சுருக்க முறைகள் பலவற்றிற்கும் வேர். இகோர் பாவ்லோவ் உருவாக்கிய எல்.இஸட்.எம்.ஏ. என்னும் முறை அதன் மேம்பட்ட வடிவம், எக்ஸ்.இஸட். அதைப் பயன்படுத்துகிறது.

சுருக்கப்பட்ட கோப்பைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. அர்த்தமற்ற எண்களின் குவியலாகவே தோன்றும். சுருக்கும் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க நல்ல கோப்புகள் சிலவும், வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகள் சிலவும் தொகுப்புடனேயே வைக்கப்பட்டிருக்கும். கெட்ட கோப்பைக் கொடுத்தால் நிரல் "இது கெட்டது" என்று சொல்லவேண்டும் அல்லவா? இந்தச் சோதனைக் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு ஒளிந்திருந்தது இங்கேதான்.

பொறுமையுள்ள விருந்தாளி

2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் தோன்றினார். அந்த ஆண்டின் இறுதியில் எக்ஸ்.இஸட். தொகுப்புக்குச் சிறுசிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். குற்றம் சொல்ல முடியாத, பயனுள்ள திருத்தங்கள். 2022-ன் நடுப்பகுதியில், முன்பின் அறியாத வேறு சில பெயர்களிலிருந்து கொல்லினுக்குக் கடிதங்கள் வந்தன. திருத்தங்களை ஏற்க ஏன் இவ்வளவு தாமதம், முடியவில்லையென்றால் வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே என்ற தொனியில் அவை நெருக்கின. தம் மனநலம் இடந்தரவில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் கொல்லின் பதில் சொன்னார். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எங்கும் காணப்படவில்லை. அவை ஒரே நாடகத்தின் வேடங்கள் என்பதே ஆராய்ந்தவர்களின் பொதுவான முடிவு.

களைத்துப் போனவர், வேலை தெரிந்த உதவியாளரை நம்பியதில் வியப்பில்லை. 2023 தொடக்கத்துக்குள் ஜியா டானுக்கு மூலநிரலை நேரடியாக மாற்றும் உரிமை கிடைத்துவிட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அவர் புதிய பதிப்பை வெளியிடும் நிலைக்கு வந்துவிட்டார். 2024 பிப்ரவரி 23-ஆம் நாள் இரண்டு "சோதனைக் கோப்புகள்" சேர்க்கப்பட்டன. மறுநாள் 5.6.0 பதிப்பும், மார்ச் 9-ஆம் நாள் 5.6.1 பதிப்பும் வெளிவந்தன.

திறமூலம் என்றால் எல்லோரும் பார்க்கலாமே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள், பார்த்த இடம் வேறு. ஓர் உணவு விடுதியில் சமையலறையைக் கண்ணாடிச் சுவருக்குள் வைத்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். சமைப்பதைப் பார்க்கிறீர்கள், குறையில்லை. ஆனால் வீட்டுக்கு வாங்கிப் போகும் பொட்டலம் உள்ளறையில் கட்டப்படுகிறது. மூலநிரல் களஞ்சியம் என்பது கண்ணாடிச் சமையலறை. வழங்கல்கள் எடுத்துக்கொள்வதோ பராமரிப்பாளர் கட்டிக்கொடுக்கும் வெளியீட்டுப் பொட்டலத்தை. களஞ்சியத்தில் இல்லாத ஒரு மாற்றம் அந்தப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. நிரலைக் கட்டியெழுப்பும்போது ஓடும் துணைக்கோப்பு ஒன்றில் சில வரிகள். அவை "கெட்ட" சோதனைக் கோப்பை எடுத்து, அதன் எழுத்துகளை இடம் மாற்றிச் சீர்படுத்தி, விரித்து, அதிலிருந்து ஓர் ஆணைத்தொடரைப் பெறும். அந்த ஆணைத்தொடர், 64-பிட் இன்டெல் வகைக் கணிப்பொறிக்காக டெபியன் முறையிலோ ஃபெடோரா முறையிலோ தொகுப்புக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். ஆம் என்றால், இரண்டாவது சோதனைக் கோப்பிலிருந்து ஆயத்தமாயிருக்கும் பொறிமொழித் துண்டை எடுத்து, லிப்-எல்.இஸட்.எம்.ஏ. என்னும் நூலகத்தோடு ஒட்டிவிடும்.

நூலகம் என்றால் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுவான நிரல் பகுதி. சுருக்கும் நூலகத்தில் நஞ்சு கலந்தால் வாயிற்காவலனுக்கு என்ன ஆயிற்று? இதுதான் இக்கதையின் விசித்திரமான திருப்பம். எஸ்.எஸ்.ஹெச். என்பது தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான முறை. அதை நிறைவேற்றும் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். நிரலுக்குச் சுருக்கும் நூலகம் தேவையே இல்லை. ஆனால் சில வழங்கல்கள், "நான் தயார்" என்று காவலன் தன் மேலாளனான சிஸ்டம்-டி என்னும் நிரலுக்குச் செய்தி சொல்லவேண்டும் என்பதற்காக ஒரு சிறு ஒட்டு வேலை செய்திருந்தன. அந்தச் செய்திக்காக சிஸ்டம்-டி நூலகம் வந்தது. அந்த நூலகம் எப்போதோ பயன்படும் ஒரு வேலைக்காகச் சுருக்கும் நூலகத்தையும் கூட அழைத்து வந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவரின் நண்பருடைய கைப்பையில் இருந்தது கத்தி.

உள்ளே வந்த துண்டு, காவலன் சாவியைச் சோதிக்கும் இடத்தில் தன்னைப் புகுத்திக்கொண்டது. வருகிறவர் நீட்டும் சான்றிதழில் ஒரு பெரிய எண் இருக்கும். அந்த எண்ணுக்குள் ஆணை ஒன்றை மறைத்து, ஒரு குறிப்பிட்ட தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால், காவலன் அடையாளம் கேட்பதற்கு முன்பே அந்த ஆணை கணிப்பொறியின் முழு அதிகாரத்தோடு நிறைவேறிவிடும். அந்தத் தனிச்சாவி அமைத்தவரிடம் மட்டுமே உண்டு. பின்வாசல் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கூட அதைத் திறக்க முடியாது. திருடன் என்றாலும் பூட்டு வேலையில் கைதேர்ந்தவன் என்றே சொல்லவேண்டும்.

அப்படியானால் அரை நொடி எங்கே போயிற்று? தேடுவோர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, அந்தத் துண்டில் எந்தப் பெயரும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆகவே தான் புகவேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க, நினைவகத்தில் உள்ள பொறிமொழியையும் பெயர்ப்பட்டியலையும் அது தட்டுத்தடுமாறித் துழாவவேண்டியிருந்தது. காவலன் ஒவ்வொரு வருகைக்கும் தன்னைப் புதிதாகத் தொடங்கிக்கொள்பவன். எனவே ஒவ்வொரு முறையும் இந்தத் துழாவல் நடந்தது. ஒளிந்துகொள்வதற்குக் கொடுத்த விலையே காட்டிக்கொடுத்தது.

முதலில் யாரிடம் சொல்வது?

ஃபிராய்ண்டுக்குச் சில வாரங்களுக்கு முன் கண்ட வேறொன்றும் நினைவுக்கு வந்தது. தொகுப்புகளைப் புதுப்பித்தபின், நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் என்னும் கருவி விளங்காத புகார் ஒன்றைச் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். டெபியன் அமைப்பின் தொகுப்பைத்தான் யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணினார். பின்னர், ஊற்றிலேயே நஞ்சு என்று தெரிந்தது.

மென்பொருளில் ஓட்டை கண்டவர் செய்யும் வழக்கமான காரியம் ஒன்று உண்டு. அதைப் பராமரிப்பவரிடம் இரகசியமாகச் சொல்வார். அவர் திருத்தம் ஆயத்தம் செய்யும்வரை சில வாரங்கள் செய்தி வெளிவராது. திருடர்களுக்கு முன்னால் பூட்டைச் சரிசெய்யவேண்டும் என்பதே நோக்கம். இங்கே அந்த வழக்கம் உதவாது. பராமரிப்பாளரே கள்வனாக இருக்கக்கூடும்போது அவரிடம் போய்ச் சொல்வது, அவரை எச்சரித்ததாகவே முடியும். ஆகவே ஃபிராய்ண்ட் எக்ஸ்.இஸட். பக்கம் போகவில்லை. மார்ச் 28-ஆம் நாள் டெபியன் பாதுகாப்புக் குழுவிடமும், பிறகு பிற வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களிடமும் தெரிவித்தார். மறுநாள், மார்ச் 29, புனித வெள்ளியன்று, அளவீடுகளோடும் சான்றுகளோடும் விவரம் உலகுக்கு வெளியிடப்பட்டது. திருத்தம் வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் இந்த வேகத்துக்கு ஒரு காரணம். புதிய திருத்தம் எதையும் கண்டுபிடிக்கவேண்டாம். பழைய பதிப்புக்குத் திரும்பினால் போதும்.

இந்த ஓட்டைக்கு சி.வி.இ. 2024-3094 என்ற பதிவெண் கொடுக்கப்பட்டது; கொடுமையின் அளவு பத்துக்குப் பத்து. பதிவெண் அலுவலகச் சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் உலகெங்கும் உள்ள நிர்வாகிகள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதிசெய்துகொள்ள அந்த எண்தான் துணை.

பின்னோக்கி நடப்பது

பழைய பதிப்புக்குத் திரும்புவது சொல்வதற்கு எளிது. கணிப்பொறிகளில் தொகுப்புகளை நிறுவும் நிரல், எப்போதும் பெரிய எண்ணுள்ள பதிப்பையே புதியது என்று கொள்ளும். 5.6.1 நிறுவப்பட்ட கணிப்பொறிக்கு 5.4.5 என்று அனுப்பினால், "என்னிடம் இதைவிடப் புதியது இருக்கிறதே" என்று தள்ளிவிடும். டெபியன்காரர்கள் இதற்கு ஒரு பழைய தந்திரத்தைக் கையாண்டனர். அனுப்பிய தொகுப்புக்கு "5.6.1, உண்மையில் 5.4.5" என்று பொருள்படும் பதிப்பெண் இட்டனர். எண்ணைப் பார்க்கும் நிரல் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். படிக்கும் மனிதனுக்கு விஷயம் விளங்கும். நெருக்கடியில் செய்த ஏற்பாடானாலும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அடுத்த கேள்வி கடினமானது. எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போவது? நஞ்சு 5.6.0-ல்தான் கலந்தது. ஆனால் ஜியா டானின் கை அதற்கு முந்திய 5.4 வரிசையிலும் பட்டிருந்தது. ஆகவே அவருடைய முதல் திருத்தத்துக்கும் முந்திய நிலைக்கே போகவேண்டும் என்று சிலர் வாதிட்டனர். அதில் ஒரு சங்கடம். இடைக்காலத்தில் சேர்ந்த புதிய வசதிகளை வேறு நிரல்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. அவ்வளவு தூரம் பின்னே போனால் அந்த நிரல்கள் நின்றுபோகும். மேலும் பழைய பதிப்புகளில் பின்னர் திருத்தப்பட்ட குறைகள் மீண்டும் வந்து சேரும். நம்பிக்கையும் நடைமுறையும் இழுக்க, பெரும்பாலோர் 5.4 வரிசையில் நின்றுகொண்டு, சந்தேகத்துக்குரிய மாற்றங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்த வாசிப்பில் ஒரு புள்ளி அகப்பட்டது. ஆம், ஒரே ஒரு முற்றுப்புள்ளி! நிரலை ஒரு காப்புச் சிறைக்குள் வைத்து ஓட்டும் வசதி கணிப்பொறியில் உண்டா என்று சோதிக்கும் சிறு பகுதியின் நடுவே, தனியாக ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோல்வியடையும். வசதி இல்லை என்று முடிவாகி, காப்பு போடப்படாமல் போகும். கண்ணில் பட்டாலும் கைப்பிழை என்று கடந்து போகக்கூடிய ஒன்று.

ஜியா டான் வேறெங்கே கைவைத்தார் என்றும் தேடினார்கள். லிப்-ஆர்க்கைவ் என்னும் மற்றொரு தொகுப்பில் 2021-ல் அவர் செய்த ஒரு மாற்றம், பாதுகாப்பான அச்சிடும் முறையை எடுத்துவிட்டுப் பாதுகாப்புக் குறைந்த முறையை வைத்திருந்தது. அதுவும் உடனே பழைய நிலைக்கு மாற்றப்பட்டது.

உபுண்டு அமைப்பு இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. அதன் 24.04 பதிப்பு அப்போது முன்னோட்ட வெளியீட்டுக்குத் தயாராயிருந்தது. நஞ்சுள்ள நூலகம் உள்ளே வந்த காலத்தில் கட்டப்பட்ட எல்லாத் தொகுப்புகளையும் தூக்கியெறிந்துவிட்டுத் தூய சூழலில் மீண்டும் கட்ட முடிவு செய்து, முன்னோட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தது. நூலகத்தை மட்டும் மாற்றினால் போதாதா? போதாமல் போகலாம். தொகுப்புகளைக் கட்டும் கணிப்பொறிகளிலும் அந்த நூலகம் இருந்தது அல்லவா? கட்டும் கருவியே கெட்டிருந்தால் அது கட்டியவை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. 1984-ல் வெளியான தம் டூரிங் விருதுச் சொற்பொழிவில் கென் தாம்ஸன் காட்டியது இதைத்தான். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள் பின்வாசலை ஒளித்துவைத்தால், மூலநிரலில் ஒரு சுவடும் இல்லாமல் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று அவர் விளக்கினார்.

உங்கள் கணிப்பொறியில் இருந்திருந்தால்?

நஞ்சுள்ள பதிப்புகள் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், டெபியனின் சோதனைக் கிளைகள், ஓப்பன்-சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் போன்றவற்றில் புகுந்தன. பொதுமக்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும் உறுதியான பதிப்புகளை அவை இன்னும் எட்டவில்லை. ஆர்ச் லினக்ஸில் தொகுப்பு வந்திருந்தாலும், அங்கே வாயிற்காவலன் இந்த நூலகத்தை அழைப்பதில்லை. ஆயினும், ஃபெடோராவின் ராஹைட் என்னும் சோதனைப் பதிப்பை எந்த வேலைக்கும் பயன்படுத்தாமல் உடனே நிறுத்துங்கள் என்றே ரெட் ஹேட் நிறுவனம் எச்சரித்தது.

இத்தகைய எச்சரிக்கை வரும்போது பலரும் முதலில் செய்வது, சந்தேகத்துக்குரிய நிரலையே ஓட்டி அதன் பதிப்பெண்ணைக் கேட்பது. திருடனைப் பார்த்து, "நீ திருடனா?" என்று கேட்பதற்கு ஒப்பானது இது. நிறுவப்பட்ட தொகுப்புகளின் பட்டியலை வைத்திருக்கும் நிரலிடம் கேட்பதே முறை. பதிப்பு கெட்டது என்று தெரிந்தால் கணிப்பொறியை வலையிலிருந்து துண்டிக்கவேண்டும். பின்வாசலுக்கு வெளியுலகம் வேண்டும். வீட்டுக்குள் மட்டும் இருந்த கணிப்பொறிக்கும், வெளியுலகுக்குக் கதவு திறந்து வைத்திருந்த சர்வருக்கும் ஆபத்து ஒன்றல்ல. திறந்து வைத்திருந்தால், பழைய பதிப்பை நிறுவிவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. உள்ளே வந்தவர் வேறு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று யார் அறிவார்? அதை முற்றிலும் அழித்துவிட்டு, தூய மூலத்திலிருந்து புதிதாக நிறுவுவதே அறிவுடைமை.

கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றவேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. எப்போது மாற்றவேண்டும் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கெட்டுப்போன கணிப்பொறியில் உட்கார்ந்துகொண்டு கடவுச்சொல்லை மாற்றினால், புதிய சாவியையும் திருடன் கையிலேயே கொடுத்ததாகும். முதலில் துப்புரவு, பிறகுதான், வேறொரு நல்ல கணிப்பொறியிலிருந்து, சாவி மாற்றம். வரிசை தவறினால் செய்த வேலையெல்லாம் வீண்.

அழிப்பதற்கு முன் ஒரு படி எடுத்து வைப்பதும் நல்லது. இந்த விவகாரத்தில் இது பெரிய அளவிலும் உணரப்பட்டது. எக்ஸ்.இஸட். களஞ்சியத்தை வைத்திருந்த கிட்ஹப் தளம், செய்தி வெளியானதும் அதைப் பூட்டிவிட்டது. கொல்லினுடைய கணக்கையும் சேர்த்து முடக்கியது. நஞ்சு பரவாமல் தடுப்பதே நோக்கம். ஆனால் நஞ்சு எப்படிக் கலந்தது என்று ஆராய வந்தவர்களுக்கும் கதவு அடைபட்டது. கொல்லினின் சொந்தச் சர்வரில் ஒரு பிரதி இருந்ததால் வேலை நிற்கவில்லை. பின்னர் கணக்கும் களஞ்சியமும் திரும்பக் கொடுக்கப்பட்டன.

வேறு வகை நஞ்சுகள்

எல்லா நிகழ்ச்சிகளும் இத்தனை நுட்பமானவை அல்ல. 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை, அதில் ஆர்வம் குறைந்துபோன உரிமையாளர், கேட்டு வந்த ஓர் அந்நியரிடம் ஒப்படைத்தார். அவர் அதன்மூலம் ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பை நிரலைக் கொள்ளையிட வழி செய்தார். 2025 செப்டம்பர் 8-ஆம் நாள் நடந்தது இன்னொரு வகை. தொகுப்புத் தளத்திலிருந்து வந்தது போன்ற போலிக் கடிதத்தை நம்பிய பராமரிப்பாளர் ஒருவருடைய கணக்கு பறிபோனது. சாக், டீபக் முதலிய 18 தொகுப்புகளில் நஞ்சு கலந்தது. அவற்றின் மொத்தப் பயன்பாடு வாரத்துக்கு 200 கோடி இறக்கங்களுக்கு மேல். ஆனால் அங்கே உரிமையாளர் நல்லவர், சாவிதான் திருடுபோனது. எனவே அவரிடமே சொல்லலாம். அவரும் உடனே ஒப்புக்கொண்டு உதவினார். சில மணி நேரத்தில் நஞ்சு நீக்கப்பட்டது. கள்வன் யார் என்பதைப் பொறுத்து மருந்தும் மாறுகிறது.

புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்காமல் சில நாள் பொறுத்திருப்பது நல்ல காப்பு என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எல்லோரும் பொறுத்திருந்தால் நஞ்சை முதலில் சுவைத்துப் பார்ப்பது யார்? ஃபிராய்ண்ட் பயன்படுத்தியது டெபியனின் நிலையாக்கப்படாத பதிப்பை. ஊருக்கு முன்னால் தண்ணீரைக் குடித்துப் பார்க்கும் அத்தகையோர் இருப்பதனால்தான் மற்றவர்கள் பொறுத்திருக்க முடிகிறது.

ஒரே மூலநிரலை இரண்டு இடங்களில் தனித்தனியே கட்டினால் எழுத்துக்கு எழுத்து ஒரே விளைவு வரவேண்டும் என்பது டெபியன் முதலிய அமைப்புகள் நெடுநாளாக முயன்றுவரும் ஏற்பாடு. கட்டும் இடத்தில் யாராவது கைவைத்தால் விளைவு மாறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மிக நல்ல முறை, ஆனால் எக்ஸ்.இஸட். நிகழ்ச்சியில் இது உதவியிருக்காது. நஞ்சு பொட்டலத்திலேயே இருந்ததால் எத்தனை பேர் கட்டினாலும் ஒரே நஞ்சுதான் வந்திருக்கும். அங்கே உதவியிருக்கக்கூடியது, பொட்டலத்தையும் களஞ்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. அதன்பின் பல வழங்கல்களில், பொட்டலத்தை விட்டுவிட்டுக் களஞ்சியத்திலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு வலுப்பெற்றது.

ஜியா டான் என்பவர் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படையாக நிறுவப்படவில்லை. கொல்லின் மாற்றங்கள் அனைத்தையும் மறுபடி வாசித்து, 2024 மே 29-ஆம் நாள் 5.6.2 பதிப்பை வெளியிட்டார். பின்வாசல் நீக்கப்பட்டது. கணிப்பொறியின் மையச் செயலகத்துக்கு ஏற்ற வேகமான வழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் ஒரு நுட்பமும் அதில் நீக்கப்பட்டது. பின்வாசல் அந்த நுட்பத்தின்மேல் ஏறித்தான் உள்ளே வந்தது. ஆனால் தாம் அதை நீக்கியது பாதுகாப்புக்காக அல்ல, கிடைக்கும் வேகம் அந்தச் சிக்கலுக்கு ஈடாகவில்லை என்பதனால்தான் என்று அவர் குறிப்பு எழுதினார். இவ்வளவு நடந்தபின்னும் காரணத்தை மிகைப்படுத்தாமல் எழுதிய அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது.

வாயிற்காவலன் பக்கத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 2024 ஜூலையில் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 9.8 பதிப்பு, "நான் தயார்" என்ற செய்தியைத் தானே சிஸ்டம்-டிக்கு அனுப்பக் கற்றுக்கொண்டது. ஒரு சிறு செய்தி. சில வரி நிரல். அதற்கு நூலகம் எதுவும் தேவைப்படவில்லை.